மீனைச் சமைத்தவர் பெயரை நான் சொன்ன விதம்

அஸ்பெய்தியா,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் பிசென்டே அவர்களுக்கு,

உங்கள் தங்கை கார்பிஞேயின் கணவன் எலாடியோ வணக்கத்துடன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். அங்கே மலைப் பண்ணையில் நீங்களும் ஆடுகளும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை உங்கள் சமையல் சங்கத்து விருந்தில் நான் உங்களைப் பற்றிச் சொன்ன வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதம். அன்றிலிருந்து நீங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நேற்றுச் சந்தையில் என்னைக் கண்டதும் பாலாடைக்கட்டிக் கூடையோடு தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். சந்தை நாளில் நீங்கள் பூசைக்குப் போகிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். வருகிற ஞாயிறு என்னைச் சங்கத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. எழுந்து என் பெயரை முன்மொழிய வேண்டியவர் நீங்கள். சங்கத்தில் இடம் கிடைக்காவிட்டால் போகட்டும் (கிடைத்தால் நல்லதுதான்), நீங்கள் முகம் கொடுக்காமல் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

மச்சான், நான் பில்பாவோவில் ஆயுசெல்லாம் ஸ்பானிஷ் பேசிக்கொண்டு லிப்ட் பழுதுபார்த்தவன். ஓய்வு பெற்று உங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் பாஸ்க் மொழி வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் நெகானே முதல் நாளே சொல்லிவிட்டாள். "நம்ம மொழியில வார்த்தையை முன்ன பின்ன எப்படி வேணா வைக்கலாம் சார். ஆனா கேட்டவங்க எதைத் தெரிஞ்சுக்கணும்னு கேட்டாங்களோ, அது மட்டும் வினைச்சொல்லை ஒட்டி, அதுக்கு முன்னால உட்காரணும்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் வகுப்பிலேயே நான்தான் முதல். எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற பாதி மட்டும் மனதில் தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு பெர்னார்தா எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டாள். "சந்தைக்கு நான் போறேன்" என்றேன். "போங்களேன், நான் என்ன உங்களோட போட்டிக்கா வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் என்ன செய்யுது என்று கேட்டார், "முழங்கால் எனக்கு வலிக்குது" என்றேன், "பின்ன எனக்கா வலிக்குது" என்றார். இதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் என் வாய்க்குப் பூட்டுப் போடும் வழியை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லையே.

சனிக்கிழமை என்னை உறுப்பினர்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் நீங்களே அடுப்படியில் நின்று உப்பில் பதப்படுத்திய காட் மீனைச் சமைத்தீர்கள். எல்லோரும் ஒரு வாய் வைத்ததும் மேசையே அடங்கிப்போனது. ருசியில் மயங்கிவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கும் கொஞ்சம் கரித்தது, ஆனால் இந்த ஊர் ருசியே அப்படித்தான் போலிருக்கிறது என்று விழுங்கிவிட்டேன். பெரியவர் புருதென்சியோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆப்பிள் மதுவை மடக்மடக்கென்று குடித்தார். விருந்து முடிந்ததும் சமைத்தவரைக் கைதட்டிப் பாராட்டுவது வழக்கமாயிற்றே, மைத்துனன் நானே தொடங்கி வைக்கலாம் என்று முதல் வாயிலேயே எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "இந்த மீனைப் பிசென்டே சமைச்சாரு" என்றேன். "பிசென்டே இந்த மீனைச் சமைச்சாரு" என்றிருந்தால் பாராட்டு. நான் வினைச்சொல்லை ஒட்டி வைத்ததில், செய்தது யார் என்று கேட்டதற்குப் பதில் போலாகி, உங்கள் பெயர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டது. புருதென்சியோ என்னை நிமிர்ந்து பார்த்து, "இதைப் பண்ணினது யாருன்னு நாங்க யாரும் கேக்கலையே, தம்பி. மனசுலதான் நினைச்சோம்" என்றார். நீங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு தனியாகப் பாத்திரம் கழுவிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். எனக்காகச் சமைத்த மனிதரை நானே சபையில் காட்டிக்கொடுத்தேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள் மந்தை பெருகட்டும், மழை அளவாகப் பெய்யட்டும், பண்ணை நாய்க்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

தலை குனிந்து நிற்கும்,
எலாடியோ

பி.கு.: தபால்தலை கேட்கப் போய் இந்தக் கடிதம் கார்பிஞேயிடம் சிக்கிவிட்டது. படித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணன் சாப்பிட உக்காந்தா காது மெஷினைக் கழட்டிப் பையில போட்டுக்கும், தட்டுச் சத்தம் அதுக்கு ஆகாது. நீங்க பேசினது எதுவும் அது காதுல விழுந்திருக்காது." அப்புறம் ஏன் என்னைக் கண்டால் ஒளிகிறார் என்றேன். "மீன்ல உப்பு ஏறிப்போச்சு, தன்னாலதான் உங்களுக்கு ஓட்டு விழாம போகப்போகுதுன்னு வெக்கப்பட்டு ஒளியுது. போன்ல எங்கிட்ட ஒரே அழுகை." இதை ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே" என்றாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். கிழித்துப்போடத்தான் பார்த்தேன், அண்ணன் சிரித்து நாளாச்சு, அப்படியே அனுப்புங்க என்று அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வந்துவிடுங்கள். மீன் கிடையாது, பீன்ஸ்தான். காது மெஷினோடு வாருங்கள். வாசலில் நின்று "வாங்க" என்று மட்டும் சொல்வேன். இடம் மாற்றி வைக்க அதில் வேறு வார்த்தையே இல்லை.