மேடம் கொடுத்த பூவெங்காயம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். அக்கா சொன்னால்தான் உங்கள் தம்பி கேட்பார்.

எங்கள் ஆபீஸ் மேனேஜர் மேடம் ஒரு பை நிறையக் கிழங்கு கொடுத்தார். அல்லியம் என்று பெயர், வெங்காயத்துக்குச் சொந்தம், ஆனால் சாப்பிட இல்லை, அழகுக்கு. நீளத் தண்டின் உச்சியில் ஊதாப் பந்து மாதிரி பூக்குமாம். "நீதான் தாவரவியல் படிச்ச பொண்ணாச்சே, பூக்கும்போது கூப்பிடு" என்றார். நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாசலோரம் நட்டேன். அழகுக்கு வெங்காயம் வளர்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். மொட்டு வந்ததும் ஜம்பமாக மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் வருகிற அன்று காலையில் பார்த்தால் ஒரு மொட்டு இல்லை, வெறும் வெங்காயத்தாள்தான் நிற்கிறது. ஆயுசு முழுக்க வெங்காயம் போட்ட அப்பாவின் கை சும்மா இருக்குமா? "பூ விட்டா வெங்காயம் பெருக்காதும்மா. அதான் ஒடிச்சுட்டேன்" என்று முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னத்தைச் சொல்ல? நான் திருதிருவென்று முழிக்கும்போதே மேடம் வந்துட்டாங்க. "யாரு இந்த வேலை பண்ணது?" என்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த மண்ணைத் தட்டினார், "நான்தாங்க, தோட்ட வேலைக்கு வர்றவன்" என்றார். அத்தை, 'இவர் என் அப்பா' என்று நான் சொல்லவில்லை. மேடமோ களையில்லாத பாத்தியைப் பார்த்து, "அட, பாத்தி என்னமா இருக்கு! நம்ம வீட்டுக்கும் வாங்களேன்" என்றார். அப்பாவும் "அதுக்கென்னங்க" என்றுவிட்டார். லீவு நாளானால் கிளம்பிவிடுகிறார். நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்தால், "தோட்டக்காரன் இஸ்திரி போட்டுட்டா போவான்?" என்று என்னையே கேட்கிறார். சோறு இறங்கலை அத்தை. 'உனக்கு முட்டி வலி, போகாதே' என்று நீங்களே அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். ஏன் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், அழுதுடுவேன்.

மாமாவுக்கு என் வணக்கம். நான் தலை நிமிர்ந்து ஆபீஸ் போக உங்கள் ஆசி வேண்டும்.

உங்கள் தம்பி மகள்,
வாயில்லாப்பூச்சி

பி.கு.: முட்டி வலி என்று சொல்ல வேண்டாம் அத்தை. கவரை ஒட்டப் போகும்போது மனசு கேட்காமல் மேடம் வீட்டுக்கே ஓடினேன். "மேடம், அவர் என் அப்பா" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். "தெரியுமே! இங்க வேலைக்கு வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. நீ கூச்சப்படுவியாம், உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு" என்றார். அப்பா நாற்காலியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மேடத்தின் அல்லியப் பாத்தி. அதிலும் ஒரு மொட்டு இல்லை. மேடம் என் காதருகே குனிந்து, "அது பூச்செடின்னு இவர்ட்ட எப்படிம்மா சொல்றது? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீயே சொல்லேன்" என்றார்.

எனக்கும் வாய் வரவில்லை. ஆகவே, போன் மட்டும் செய்து, அது பூச்செடி என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.