கிரேக்கத்தில் வடித்த வயல்

அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கொஞ்சம் இளக்காரம்தான். பேருந்தை நான் துரத்தியதே கிடையாது. பேருந்துதான் எனக்காக நிற்கும். (நிற்காமல் போன பேருந்துகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.) பாபநாசம் பக்கம் எங்கள் ஊரில் "ஞானம்மா கிளம்பிட்டாங்க" என்று சொன்னால், இன்னொரு உலை வைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று அர்த்தம்.

இந்தப் பெருமைக்கு வேதத்திலேயே ஆதாரம் கிடைத்தால் விடுவேனா?

எங்கள் சபைக்குப் புதிதாக ஒரு போதகர் வந்தார். இளவயது. கிரேக்கம் படித்தவர், படித்ததை வீணாக்க மனசில்லாதவர். நானோ மூன்றாம் வகுப்போடு நின்றவள்; விரலை வைத்து எழுத்தெழுத்தாகத்தான் வேதம் வாசிப்பேன். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் வெளிப்படுத்தல் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"சீக்கிரத்தில் நடக்கும்னு தமிழ்ல வாசிக்கிறோம். கிரேக்கத்துல அந்த இடத்துல 'என் தாகெய்'னு இருக்கு. நாளைக்கே நடக்கும்னுதான் அர்த்தம்னு இல்லை. ஆரம்பிச்சுதுன்னா மடமடன்னு நடந்து முடிஞ்சிடும்னும் அர்த்தம் சொல்றாங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. என்னைப் பற்றி அத்தனை காலம் முன்பே எழுதி வைத்திருக்கிறார்களே! மெதுவாகத்தான் ஆரம்பிப்பேன், ஆரம்பித்தால் மடமடவென்று முடிப்பேன். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பக்கத்துக்கு அறுப்பு மெஷின் வருவதாக இருந்தது. சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது. என் வயல் பள்ளம், வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் தரை இறுகும். எனக்குப் பின்னால் கலியபெருமாளின் வயல். வழக்கமாக மெஷின் என் வயலைத் தாண்டித்தான் அங்கே போகும்.

"அம்மா, தண்ணி நிக்குதே, வரப்ப வெட்டி விடவா?" என்றான் மகன் தாவீது.

"ஆரம்பிச்சா மடமடன்னு வடிஞ்சிடும்டா. கிரேக்கத்துலயே அப்படித்தான் இருக்கு."

கலியபெருமாளும் வந்தார். "அக்கா, வானம் ஒரு மாதிரி இருக்கு. மழை புடிச்சா நெல்லு சாஞ்சு முளைச்சிடும். இன்னைக்கே வடிச்சிடுங்க."

"தம்பி, உங்க கோயில்ல இதெல்லாம் சொல்ல மாட்டாங்க" என்று அனுப்பிவிட்டேன். (எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.)

புதன்கிழமை சாயங்காலம் மண்வெட்டியோடு போய் நானே வரப்பை வெட்டினேன். தண்ணீர் சும்மா சொல்லக் கூடாது, மடமடவென்றே ஓடிற்று. இருட்டுவதற்குள் வயலில் ஒரு சொட்டு இல்லை. தாவீதைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீர்தான் போயிருந்தது, சேறு போகவில்லை. சேற்றுக்குக் கிரேக்கம் தெரியாது.

மறுநாள் மெஷின் என் வயலின் நடுவே வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, வயிறு வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. அறுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கலியபெருமாள் வானத்தைப் பார்த்தார், தன் நெல்லைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வயல் காஞ்சிருக்குன்னு யாருய்யா சொன்னது?" என்று ஆத்தூர்க்கார டிரைவர் கத்தினார்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் பைக்கில் வந்து இறங்கினார். நான் அவரைக் கை காட்டினேன். "ஐயாதான் சொன்னாங்க, பிரசங்கத்துல."

"நானா?" விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, அதுக்கப்புறமும் அரை மணி நேரம் பேசினேனே! ஆரம்பிச்சுட்டா அவகாசம் இருக்காது, அதனால முன்கூட்டியே ஆயத்தமா இருங்கன்னு!"

"அது காதுல விழல, ஐயா."

"பாதிப் பிரசங்கத்துக்கே மெஷின் முங்கிடுச்சு, சாமி" என்றார் கலியபெருமாள். "அக்கா முழுசாக் கேட்டிருந்தா ஊரே முங்கியிருக்கும்."

போதகர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். டிராக்டரில் சங்கிலி கட்டி, ஊரே தள்ளி, ஒருவழியாக மெஷின் வெளியே வந்தது. அடுத்தவர் வயலின் வரப்பை வெட்டி வழி பண்ணிக் கலியபெருமாளின் வயலுக்குப் போனார்கள். அவருடைய கடைசி மூட்டை வண்டியில் ஏறவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. என் வயலுக்கு வரமாட்டேன் என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

மழையில் என் நெல் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. பாதி முளைத்துப் போனது, மீதியைக் கருக்கரிவாளால் குனிந்து அறுத்தோம். முதல் ஆளாக அரிவாளோடு வந்து நின்றது கலியபெருமாள்தான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மெதுவா சொல்லுங்க அக்கா, என்ன அவசரம்" என்று குனிந்துகொண்டார்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் "இதோ கிளம்பிட்டேன்" என்றால், "தமிழ்லயா, கிரேக்கத்துலயா?" என்கிறான் தாவீது. சபை வாசலை மிதிக்காத கலியபெருமாளும் கிரேக்கம் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு தை மாதமும் நடுவரப்பில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுக்கிறார்:

"அக்கா! என் தாகெய்யா?"

"போன வாரமே வடிச்சாச்சு, தம்பி" என்கிறேன்.

அவர் நம்புவதில்லை. என் வயலில் இறங்கி, காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.