நெடுஞ்செழியனுக்கு வந்த அம்மை

கண்ணாடியைப் பார்த்த நெடுஞ்செழியன் அலறாமல் இருந்ததே பெரிய விஷயம். காது, கன்னம், கழுத்து எல்லாம் மிளகாய்ப்பழ நிறம். உடம்பெல்லாம் எரிச்சல், அரிப்பு.

நயாசின் மாத்திரையைப் போட்டு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்த பாட்டில் அது. கொழுப்பைக் கரைத்து இதயத்தைக் காக்குமாம். நெடுஞ்செழியனுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவருடைய அப்பாவும் அண்ணனும் மாரடைப்பில் போனது ஐம்பத்து நான்கு வயதில். இவருக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று எண்பத்தாறு. வாயைக் கட்டுங்கள், தினமும் நடங்கள் என்றார் டாக்டர். டிராக்டரை விட்டு இறங்கவே சோம்பல்படும் மனிதருக்கு மாத்திரை சுலபமாகப் பட்டது. சோம்பல் பெரிது, சாவு பயம் அதைவிடப் பெரிது.

"ஏங்க, முகம் என்ன இப்புடி செவந்து கெடக்கு?" அம்சம் கரண்டியோடு வந்து நின்றாள்.

மனைவியிடம் உண்மையைச் சொல்ல வழியில்லை. போன வருஷம் எவனோ விற்ற லேகியத்தைத் தின்று மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்தபோது, டாக்டர் எழுதாத எதையும் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

"வெயில்ல நின்னேன்."

"வெளியில மழை பேயுதுங்க."

நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். கொதித்தது. சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்துட்டா! அம்மைதான்!"

கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் வீட்டு வாசலில் பத்தே நிமிஷத்தில் வேப்பிலை தொங்கியது. அம்மை போட்ட வீட்டில் கறி, மீன் கிடையாது. தாளிப்பும் கிடையாது. கூழ், மோர், இளநீர், அவ்வளவுதான்.

அரைமணியில் சிவப்பு மறைந்தது.

"பாரு, எறங்கிடுச்சு!"

"உள்ளுக்குள்ள இருக்குங்க. மூணு தண்ணி ஊத்தாம ஆத்தா போக மாட்டா."

மறுநாள் வடைப் பொட்டலத்தோடு வந்த கூட்டாளி பகலவன், வேப்பிலையைப் பார்த்ததும் வடையோடு சைக்கிளைத் திருப்பிவிட்டார். நெடுஞ்செழியனுக்கு அழுகையே வந்தது.

சாப்பாட்டோடு போட்டால் எரியாது என்று போனில் படித்தார். கூழோடு இரண்டாவது மாத்திரையைப் போட்டு, மேலே சூடாகச் சுக்குக் காப்பியும் குடித்தார். முதல் நாளைவிட இரண்டு மடங்கு சிவந்தார். தெருப் பெண்கள் வாசலில் நின்று கும்பிட்டார்கள்.

"இது அலர்ஜிடி!"

"ஆத்தாளப் போயி அலர்ஜிங்கிறீங்களே!" அம்சம் பதறினாள். "தாயே, மன்னிச்சிரு! இவரு ஒரு மண்டலம் விடியக்காலையில நடந்தே வந்து உன்னக் கும்பிடுவாரு!"

மாரியம்மன் கோயில் வெண்ணாற்றங்கரையில் இருந்தது. போகவர ஆறு கிலோமீட்டர்.

பாட்டிலை உமி மூட்டைக்குள் அமுக்கிவிட்டு நெடுஞ்செழியன் நடந்தார். முதல் வாரம் ஆத்தாவைத் திட்டிக்கொண்டே நடந்தார். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகும், வேண்டுதல் முடியும்வரை பத்தியம்தான் என்றுவிட்டாள் அம்சம். மூன்றாம் வாரம் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஐந்தாம் வாரம் ஆற்றங்கரை மேட்டில் மூச்சிரைக்காமல் ஏறி, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்து அம்சத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். கொலஸ்ட்ரால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நெடுஞ்செழியன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். சந்தோஷத்தில் சத்தியமெல்லாம் மறந்துபோயிற்று. "எல்லாம் நயாசின், டாக்டர்! ரெண்டே மாத்திரை!"

"ரெண்டு மாத்திரை ஒண்ணும் பண்ணாதுங்க. கேக்காம தொடர்ந்து போட்டிருந்தா கல்லீரல் கெட்டிருக்கும். கொறைச்சது உங்க வாயும் காலும்தான்."

"எதுவோ ஒண்ணு! அப்பா வயசத் தாண்டிருவேன் அம்சம்!" அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது. "மாத்திரை பண்ண வேலைய அம்மைன்னு நம்பிட்டியே, வெகுளி!"

ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஜாஸ்லின் திரும்பினாள்.

"அம்சம் அக்கா, மொத நாளே அந்த பாட்டில போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பி, 'இது அம்மை இல்லதானே'ன்னு கேட்டுக்கிட்டு அப்புறமா வேப்பிலை கட்டுனீங்களே, நேத்து எங்க வீட்டுக்காரருக்கும் கட்டிட்டேன்!"