மலை ஓட்டமும் எட்டேமுக்கால் பஸ்ஸும்

ஓட்டப் பந்தயத்தில் பஸ் ஏறிப் போனவள் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மாரமங்கலம் பக்கம் வந்து என் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதற்கு முன்பே அதைத்தான் சொல்வார். ஆனால் அவர் சொல்வது பாதிக் கதை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். எங்கள் சேர்வராயன் மலையில் பெரியவர்கள் ஓடுவதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, பின்னால் காட்டுமாடு துரத்த வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் பஸ் போய்க்கொண்டிருக்க வேண்டும். விடிந்ததிலிருந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, மூட்டை சுமந்து, காப்பிப் பழம் பறிக்கிறவர்களிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால், பாவம், இவருக்கு வேலை போய்விட்டது போல என்று நினைப்பார்கள்.

என் விஷயம் வேறு. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிப் போனது. நடப்பேன், சாய்ந்து சாய்ந்து. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் எனக்கு ஒரு நிரந்தரப் பதவி உண்டு: மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல். பத்து வருடம் காவல் காத்தேன், ஒரு செருப்புகூடத் தொலைந்ததில்லை (அதற்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்). யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். எல்லோரும் நல்லவர்களாக இருந்து தொலைத்தார்கள். "நீ உக்காரு கண்ணு, உனக்கெதுக்கு" என்று சொல்லி நாற்காலி போட்டே என்னை வளர்த்தார்கள். படித்து முடித்து எஸ்டேட் ஆபீஸில் ஆள் வருகை எழுதும் கிளார்க் ஆனேன். அங்கேயும் நாற்காலி. நாற்பத்தைந்து வயதில் எண்பத்திரண்டு கிலோ இருந்தேன்.

அந்த வருடம் தை மாதம் மாரமங்கலத்து இளைஞர்கள் சிலர் ஒரு மலை ஓட்டம் ஏற்பாடு செய்தார்கள். எங்கள் எஸ்டேட் கேட்டில் தொடங்கி மாரமங்கலம் பள்ளி மைதானம் வரை ஐந்து கிலோமீட்டர். நோட்டீஸில், "வயது வரம்பு இல்லை, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்" என்று அச்சடித்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே? ஒருநாள் முழுக்க அந்த நோட்டீஸை மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் அதை நடத்துகிற செந்திலைத் தேடிப் போனேன். செந்தில் மாரமங்கலத்தில் விதைக்கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"வாங்கக்கா. நானே வரலாம்னு இருந்தனுங்க. பேர் எழுதற டேபிள்ல நீங்க உக்காந்தாப் போதும். உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்" என்றார். மறுபடியும் நாற்காலி.

"நான் ஓடறதுக்குப் பேர் குடுக்க வந்தனுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். "ஏனுங்கக்கா, எதுக்குங்க?"

"யார் வேணும்னாலும்னு போட்டிருக்கறீங்களே."

"அது ஒரு பேச்சுக்குப் போடறதுங்கக்கா."

"பேச்சுக்குப் போட்டாலும் போட்டது போட்டதுதான். எழுதுங்க."

நாற்பத்தேழாம் எண் கொடுத்தார். முதலில் வர வேண்டும் என்ற பேராசையெல்லாம் எனக்கு இல்லை. என் சொந்தக் காலால் ஒரே ஒரு ஓட்டத்தின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். வாழ்க்கையில் ஒருமுறை. அவ்வளவுதான் ஆசை. ஆனால் அந்த ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டும்.

பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்கக்கூடாது என்று, விடிந்ததும் எஸ்டேட்டின் காப்பிக் களத்துக்குப் போய், காயப்போட்டிருக்கும் காப்பிக்கு ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். குனிந்தபடி, காலைப் பார்த்துக்கொண்டே. இரண்டாம் நாள் வாட்ச்மேன் வந்து, "என்னங்க தொலைச்சுட்டீங்க?" என்றார். ஓடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் "கம்மல்" என்று சொல்லிவிட்டேன் (இரண்டு கம்மலும் காதில்தான் இருந்தன). பாவம், நல்ல மனுஷன். மூன்றாம் நாள் அவரும் என் பின்னால் குனிந்தபடி சுற்றினார். வாரக் கடைசியில் பத்துப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு மொத்தக் காப்பியையும் முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி அத்துடன் முடிந்தது.

பந்தய நாள் காலையில் எஸ்டேட் கேட்டில் ஐம்பத்திரண்டு பேர் நின்றோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் தேன்மொழியும் அதில் ஒருத்தி. பள்ளிப் பிள்ளைகள், டவுனிலிருந்து பளபளக்கும் ஷூவோடு வந்தவர்கள், செம்மநத்தம் கிராமத்தில் ராகி விதைக்கிற ஒரு பெரியவர். அறுபத்தாறு வயதாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செந்திலிடம் போய், "ஏனுங்க, எதைத் தூக்கிட்டுப் போகோணும்?" என்று கேட்டார். எதுவும் தூக்க வேண்டாம், சும்மா ஓடினால் போதும் என்று செந்தில் சொன்னதும், "சும்மாவா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் ஐந்தாவதாக வந்தார்.

என் கணவர் எஸ்டேட் ஜீப் டிரைவர். கிளம்பும்போது கிட்டே வந்து, "முடியலீன்னா ஒரு போன் பண்ணு புள்ள, வந்தர்றேன்" என்றார். அவரை முறைத்ததில் கொஞ்சம் சக்தி வீணானது.

எட்டரைக்கு விசில் ஊதினார்கள். ஐம்பத்தொரு பேரும் வளைவில் மறைந்தார்கள். நான் என் பாணியில் போனேன். இடது கை இடது தொடையை அழுத்த வேண்டும், வலது கால் எட்டு வைக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது ஓட்டமாகத் தெரியாது என்பது எனக்கும் தெரியும். கால் மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டரை நெருங்கிவிட்டேன். அப்போதுதான் பின்னால் ஹாரன் கேட்டது. எட்டேமுக்கால் மினி பஸ். இப்படி ஒரு பஸ் வரும் என்பதை செந்தில் நினைத்துப் பார்க்கவில்லை. பந்தயம் ஒன்று நடப்பது பஸ்காரர்களுக்கும் தெரியாது. அவர்கள் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஆபீஸ் பரிமளாக்கா, அந்தக் காலோடு, பஸ் பிடிக்க அடுத்த ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்.

"நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க. அக்கா பஸ்ஸப் புடிக்க ஓடறாங்க" என்றார் கண்டக்டர் மணி.

இரண்டு பெண்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஒருத்தி கக்கத்தில் கை கொடுத்தாள், இன்னொருத்தி இடுப்பைத் தாங்கினாள். "இல்லீங்க, நான்... பந்தய..." என்றேன். அதற்குமேல் மூச்சு இல்லை. "அப்பறம் பேசலாமுங்க, மொதல்ல ஏறுங்க. பாவம், நொம்ப தூரம் ஓடியாந்துட்டாங்க" என்றபடி என்னை மூட்டை போல ஏற்றி முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். மணி டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார். மார்பில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்து, "டோக்கனுங்களா? எங்கீங்க, கண் முகாமா?" என்றார். யாரோ தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தார்கள். பேச முடியாமல் போனதற்கு அந்தத் தண்ணீரும் ஒரு காரணம்.

மூச்சு திரும்பியதும், "மணி, நான் பந்தயத்துல ஓடிட்டிருக்கறேன், என்னை எறக்கி விடு" என்றேன். "ஏத்தத்துல நிறுத்துனா வண்டி எடுக்காதுங்க" என்றார் டிரைவர். உண்மைதான். அந்த ஏற்றத்தில் நின்ற வண்டிகளைத் தள்ளியவர்களின் முதுகு அதற்குச் சாட்சி. ஏற்றம் முடிந்ததும் வளைவு, வளைவு முடிந்ததும் ஏற்றம். அதற்குள் ஓடுகிறவர்களை ஒவ்வொருவராகத் தாண்ட ஆரம்பித்தோம். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டி அவர்களை உற்சாகப்படுத்தினார்கள். நான் சீட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ள முயன்றேன். எண்பத்திரண்டு கிலோவுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தவள் என் மகள். பஸ் அவளை ஒட்டி மெதுவாகப் போனது. நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் அம்மா, நெஞ்சில் நாற்பத்தேழு.

"ஏம்மா, அங்க என்னம்மா பண்ற?" என்றாள், ஓடிக்கொண்டே.

அவளுக்கு டாட்டா காட்டினேன். இன்றுவரை அதற்கு என்னை நான் மன்னிக்கவில்லை.

பள்ளிக்கு முன்னால் சாலையின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். கடைசி வளைவில் திரும்பிய டிரைவர் அதைப் பார்ப்பதற்குள் பஸ் அதை அறுத்துவிட்டது. ரிப்பன் அறுந்ததும் அடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் மேளக்காரர்கள் அடித்தார்கள். நான் படியிலிருந்து ஒவ்வொரு காலாக இறங்கினேன். எண் குத்திக்கொண்டு முதலில் வருகிறவருக்கு மாலை போட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால் சிறப்பு விருந்தினர் எனக்கு மாலை போட்டார். அந்த நேரம் பார்த்து, உண்மையில் முதலில் வந்த பையன் மூச்சிரைக்க வந்து நின்று, ரிப்பனைக் காணாமல் சுற்றும் முற்றும் பார்த்தான்.

திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஏமாற்றுக்காரி என்று யாராவது ஒருவர் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் கத்தவில்லை. மாலையைக் கழற்றிப் பையனிடம் கொடுத்தேன். ஒரு நாற்காலி வந்தது. செந்தில் மைக்கைப் பிடித்தார்.

"கால் முடியாத நெலமையிலயும் நம்ம பரிமளாக்கா கலந்துக்கிட்டதே பெரிய விசயமுங்க. பஸ்ஸுல வந்தா என்னங்க? மனசு ஓடுச்சுல்ல? அக்காவுக்கு ஆறுதல் பரிசா ஒரு சில்வர் அண்டா குடுக்கறமுங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பத்து மூன்று வருடமாக என்மேல் காட்டிய இரக்கம் முழுவதையும் ஒரே அண்டாவில் போட்டுக் கொண்டுவந்தது போல இருந்தது. நான் நாற்காலியில் உட்காரவில்லை. மைக் பக்கத்தில் போய் நின்று சொன்னேன்: "அண்டா வேண்டாமுங்க. மணி, பஸ் எப்பத் திரும்பும்?"

ஒன்பதே காலுக்குத் திரும்பியது. நானும் திரும்பினேன். "ஏத்துன எடத்துலயே எறக்கி விடு" என்றேன். மணிக்கு என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மிளகுக் கொடி சுற்றிய ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இறக்கிவிட்டார். நான் அங்கிருந்து இன்னும் பத்தடி பின்னால் போய் நின்றுகொண்டேன். பின்னாளில் ஓரடி குறைவு என்று எவனும் சொல்லிக்காட்டக் கூடாது.

அப்புறம் நடந்தேன், ஓடினேன், சாய்ந்தேன், மறுபடி நடந்தேன். ஏற்றத்தைவிட இறக்கம்தான் என் காலுக்குப் பெரிய எதிரி. முட்டி மடங்கி இரண்டு முறை விழுந்தேன். உள்ளங்கை சிராய்த்தது. ஆனால் விழுந்த இடத்திலிருந்து நானே எழுந்தேன், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வழியில் ஏழு வண்டிகள் நின்றன. "ஏறுங்கக்கா." "மாட்டேன்." "ஏனுங்க, எதாச்சும் கோவமுங்களா?" "ஆமாங்க, போங்க." எட்டாவதாக வந்தது எஸ்டேட் ஜீப். என் கணவர் அரைக் கிலோமீட்டர் தூரம் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தார். நான் கீழே குனிந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தேன். ஜீப் சட்டென்று வேகமெடுத்து முன்னால் போய்விட்டது (எறிந்திருக்க மாட்டேன். ஆனால் அது அவருக்குத் தெரிய வேண்டாம்).

பதினொன்றே முக்கால் இருக்கும், மாரமங்கலம் போய்ச் சேர்ந்தேன். பந்தலைப் பிரித்திருந்தார்கள். மேளக்காரர்கள் போய்விட்டார்கள். செந்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். தேன்மொழி கழுத்தில் பதக்கத்தோடு பள்ளிக்கூடச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். ஜீப் ஓரமாக நின்றது.

"ரிப்பனைக் கட்டுங்க" என்றேன்.

"எல்லாம் முடிஞ்சுருச்சுங்கக்கா" என்றார் செந்தில்.

"எனக்கு இன்னும் முடியலீங்க."

"ரிப்பன் பஸ் கண்ணாடியில மாட்டிட்டுப் போயிருச்சுங்க."

தேன்மொழி சுவரிலிருந்து குதித்தாள். பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து ஒரு முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அவள் அப்பாவிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் சாலையின் இரண்டு பக்கமும் நின்று இழுத்துப் பிடித்தார்கள். "வாம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். துப்பட்டா என் வயிற்றில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாய்விட்டே அழுதேன், சொல்வதற்கென்ன.

கண்ணைத் துடைத்துக்கொண்டு செந்திலிடம் நோட்டை வாங்கி நானே எழுதினேன். ஐம்பத்திரண்டு பேரில் ஆறு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். நாற்பத்தாறாவது இடம்: பரிமளா. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று செந்திலே சொல்லியிருக்கிறார் அல்லவா. அண்டாவை என் கணவர் ஜீப்பில் ஏற்றப் பார்த்தார். இறக்க வைத்தேன்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது நான் தினமும் சாலையில்தான் நடக்கிறேன், எல்லோரும் பார்க்க. அந்த மினி பஸ் மட்டும் என்னைக் கேட்காமல் எனக்காக நிற்பதில்லை. பக்கத்தில் வந்ததும் மெதுவாகப் போகும், மணி படியில் தொங்கியபடி கேட்பார்: "அக்கா, பந்தயமுங்களா, ஊட்டுக்குங்களா?" நான் "ஊட்டுக்கு" என்று சொன்னால்தான் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்துவார். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.

போன மாதம் ஒருநாள் நல்ல மழை. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் ரேஷன் அரிசி, குடையும் இல்லை. பஸ் வந்தது. மணி கேட்டார். பஸ்ஸுக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பந்தயம்" என்றேன்.

பஸ் போய்விட்டது. மூன்று கிலோமீட்டர் நனைந்துகொண்டே நடந்து வீட்டுக்கு வந்தேன். நான்கு நாள் காய்ச்சல். தேன்மொழி போனில் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கடைசியில், "எத்தனாவது வந்தம்மா?" என்றாள். முதலாவது என்று சொன்னேன்.