வயிற்றில் பாசி வைத்திருந்த வழக்கு

ஒரு வீட்டுக் கூடத்தில், மூன்று பக்கமும் சுவர் மறைத்த கண்ணாடித் தொட்டிக்குள், உப்புநீரும் பவளமும் நிறைந்த ஒரு நாடு இருந்தது. வெளியுலகம் தெரிவது முன்கண்ணாடி வழியாக மட்டும்தான். அதன் வழியே குடிமக்களைப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய கை நாளுக்கு ஒருமுறை மேலிருந்து தீனி தூவும்.

மூன்று வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று அந்த நாட்டை ஆண்டது. மன்னர் முப்பட்டையார் தேர்தலில் வென்றதே ஒரு வாக்குறுதியால்தான். ஒரு வேளைத் தீனி மூன்று வேளையாகும் என்றார். சொன்னதைச் செய்தும் காட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. முன்கண்ணாடியருகே போய் உடம்பை நெளித்து ஆடுவார். கை உருகிப்போய் அள்ளிப் போடும். தின்றது போக மிச்சம் மணலில் கிடந்து அழுகியது. அழுகிய இடத்திலெல்லாம் பாசி முளைத்தது.

அதை முதலில் கவனித்தவள் நத்தை சங்கரவடிவு. பாசி தின்பதுதான் அவள் பிழைப்பு. அவளுடைய தோழி செண்பகம், இருந்த இடத்தைவிட்டு அசைய முடியாத பவளம். செண்பகத்தின் கழுத்துவரை பாசி ஏறி, மேலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துவிட்டது.

"மூச்சு முட்டுதுடீ," என்றாள் செண்பகம்.

"கொஞ்சம் பொறு. இடப்பக்கம் முடிஞ்சுது. நாளைக்கு வலப்பக்கம்."

அதற்குள் அரசு விழித்துக்கொண்டது. சுகாதார அமைச்சர் நண்டு மாசிலாமணி பாசி ஒழிப்பு விழா எடுத்தார். மேளதாளத்தோடு ஒரு கொத்தை நறுக்கித் தண்ணீரில் பறக்கவிட்டார். துண்டுகள் போய் ஒட்டிய இடமெல்லாம் புதுப்பாசி கிளம்பியது. "ஒரே நாளில் முந்நூறு துண்டுகள்!" என்று அறிக்கை வந்தது. நறுக்கியவரின் களைப்புத் தீர மன்னர் அன்று நான்காவது வேளையும் ஆடினார்.

பாசி இன்னும் செழித்தது. குற்றவாளி என்று யாராவது வேண்டுமே! பாசி வைத்திருப்பது ராஜத்துரோகம் என்று சட்டம் வந்தது. நாடு முழுக்கச் சோதனை போட்டதில் ஒருத்தியிடம்தான் பாசி அகப்பட்டது, அதுவும் வயிற்றில்.

"வயிறு நிறையப் பாசியைப் பதுக்கியிருக்கிறாய். மறுக்கிறாயா?" என்று முழங்கினார் மாசிலாமணி.

"பதுக்கலைங்க ஐயா, தின்னேன். தீனியைக் கொஞ்சம் கொறைச்சா அது தன்னால அடங்கும்."

"மக்கள் நலத் திட்டத்தையே பழிக்கிறாள்! குறித்துக்கொள்ளுங்கள்."

"செண்பகத்துக்கு வலப்பக்கம் மட்டும் பாக்கிங்க. அதை முடிச்சிட்டு எங்க கூப்பிட்டாலும் வரேன்."

அனுமதி மறுக்கப்பட்டது. பின்னாலிருந்த வடிகட்டிப் பெட்டியில் அவளை அடைத்தார்கள். பாவம், அடைபட்டதைவிட அந்த வலப்பக்கம்தான் அவளை அரித்தது.

எட்டே நாளில் முன்கண்ணாடி முழுக்கப் பச்சைத் திரை விழுந்தது. மன்னர் ஆடினார். குட்டிக்கரணம்கூடப் போட்டார். உள்ளே யாரும் இல்லை என்று நினைத்ததோ என்னவோ, கை வரவே இல்லை. கை வராத மூன்றாம் நாள் பசி தாங்காமல் குடிமக்கள் பாசியைக் கொறித்தார்கள். நான்காம் நாள் மாசிலாமணியின் வாயோரமும் பச்சையாக இருந்தது. சட்டம் சத்தமில்லாமல் கிடப்பில் போடப்பட்டது.

சங்கரவடிவை வெளியே கொண்டுவந்தார்கள்.

"மாமன்னர் ஆடும் முன்கண்ணாடியை உடனே சுத்தம் செய். இது அரசாணை," என்றார் மாசிலாமணி.

"ஆகட்டுங்க ஐயா," என்று பணிவாகக் கிளம்பினாள். பாசி அடர்ந்து கிடந்ததால், அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பது அரண்மனைக்குத் தெரியவில்லை.

செண்பகத்தின் வலப்பக்கத்தில் வெளிச்சம் பட்டபோது தோழிகள் இருவரும் அழுதேவிட்டார்கள். உப்புநீரில் அது யார் கண்ணிலும் படவில்லை.

தீனி விழாததால் மணல் தெளிந்தது, பாசியும் வாடியது. கொறிக்கப் பழகிய குடிமக்கள் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். "மன்னரின் உண்ணாவிரதத்துக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி!" என்று அறிவித்த மாசிலாமணி, அதைக் கொண்டாட ஐந்து வேளை விருந்தும் அறிவித்தார். மன்னர் பட்டைகளைப் பளபளப்பாக்கிக்கொண்டு ஆட வந்தார். பாறை, மணல், பவளம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அரசாணைப்படி அது நத்தையின் வேலை என்று யாரும் வாய் வைக்காததால், முன்கண்ணாடி மட்டும் அப்படியே பச்சையாக இருந்தது.

"இது எப்போது முடியும்?" என்று அதட்டினார் மன்னர்.

செண்பகத்தின் பக்கத்துப் பாறையில் சாவகாசமாக ஊர்ந்துகொண்டிருந்த சங்கரவடிவு நின்று பதில் சொன்னாள்.

"வந்துக்கிட்டே இருக்கேன் ராசா. நத்தைதானே, மெதுவாத்தான் வருவேன்."