நான் உபவேந்தராக இருந்த பதினொரு நாட்கள்

பிள்ளைகளே, பொய் சொல்லக்கூடாது என்று உங்களுக்குப் புத்தி சொல்கிற இந்த வாப்பா, பதினொரு நாள் ஒரு பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக இருந்தவன்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தில் டியூசன் நடத்தினேன். உட்கார ஏழு வாங்கு, எழுத ஒரு கரும்பலகை. அடுத்த தெருவில் ஒருவர் தன் டியூசனுக்குக் ‘கல்லூரி’ என்று பலகை போட்டார். விடுவேனா? நான் ‘பல்கலைக்கழகம்’ என்று எழுதுவித்தேன். (எழுதியவன் விளக்கொன்றையும் சும்மா வரைந்து தந்தான்.)

அதே வாரம் உங்கள் உம்மாவை எனக்குப் பேசி முடித்தார்கள். நம் ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டியாயிற்று. மாப்பிள்ளை போய்க் குடியேறுவதுதான் மிச்சம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘உபவேந்தர்’ என்று நானே அச்சடிக்கச் சொன்னேன்.

உம்மாவின் காக்கா, அதாவது உங்கள் மாமா, ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கர். அழைப்பிதழும் கையுமாகச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“மச்சான், பல்கலைக்கழகம் எண்டு பேர் வெக்கிறதுக்குச் சட்டம் இரிக்கி, தெரியுமா?”

“ஏழு வாங்கு இரிக்கிதானே மச்சான்.”

“வாங்கு இல்ல, வர்த்தமானி! அமைச்சர் கட்டள போட்டு, அது அரசாங்க வர்த்தமானியில அச்சாகி வரோணும். பட்டம் குடுக்க ஒங்களுக்கு ஆரு அதிகாரம் தந்த?”

“இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கல்ல. சோதின வெச்சா ஒருத்தனும் பாசாகிறானில்ல.”

“நீங்க பத்தாம் வகுப்பு ஓ.எல். சோதின பாசா?”

“ஓம், கணக்கத் தவிர.” (நான் அங்கே படிப்பித்தது கணக்கு.)

அவர் முகம் கறுத்தது. “நாளைக்கு வழக்கெண்டு வந்தா எங்கட மானம் போகும். கலியாணத்த நிப்பாட்டச் சொல்லி வாப்பாக்கிட்டக் கதைக்கன்.”

பலகை ஏறிய பதினோராம் நாளான அன்றே அதைக் கழற்றினேன். ஆனால் அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டதே! பேனையோடு வீடு வீடாக ஏறி ‘உபவேந்தரை’ வெட்டினேன். மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் அழைப்பிதழைத் தரமாட்டேன் என்று இழுத்தார்: “வெட்டாதீங்க தம்பி! இத நம்பித்தான் மகன ஒங்கட்ட அனுப்ப இரிக்கன்.”

மூன்றாம் நாள் மாமா மறுபடி வந்தார். கலியாணம் போய்விட்டது என்றே நினைத்தேன். உம்மா தன் வாப்பாவிடம் சொன்னதை அவர் வேண்டாவெறுப்பாகச் சொன்னார்: “வீடு கட்டியாச்சி. பலக ஒண்டும் கொண்டு வராம, ஆள் மட்டும் வரட்டும்.”

நிக்காஹ் எழுதும்போது பதிவாளர், “மாப்பிள்ளட தொழில்?” என்றார். சபையே சிரிப்பை விழுங்கியது. நான் வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார்: “டியூசன் வாத்தி எண்டு எழுதுங்க. அதுக்குச் சட்டம் குறுக்க வராது.”

அதனால்தான் பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தகப்பன் தொழில்’ என்ற இடத்தில் உங்கள் பேனை நின்றால், உம்மா இன்றைக்கும் அடுப்படியிலிருந்து சத்தம் வைக்கிறா: “வாப்பாக்கிட்டக் கேக்காதீங்க! மாமாக்கிட்டக் கேட்டு எழுதுங்க!”