பாடமா நெஜமா, லேயர் மாமா?

செத்துப்போனவரை வலமிருந்து இடமாக ஓடவிட்டு, நடுவில் ஒரு குட்டிக்கரணமும் போட வைத்து, அதற்கு ஊராரிடம் கைதட்டல் வாங்கக்கூடிய மனிதர் கேரளத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் மட்டாஞ்சேரியில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறார். பெயர் லேயர் மாமா.

சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். வெளியே யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வலைப்பக்கத்தில் எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஆட வைக்கிற மென்பொருள் ஒன்று உண்டு. அதில் எல்லாமே அடுக்கு அடுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அந்த அடுக்குக்குத்தான் லேயர் என்று பெயர். வேண்டாத லேயரை மறைத்து வைக்கலாம், கை படக்கூடாத லேயரைப் பூட்டி வைக்கலாம். இந்த வித்தை பிடிபட்ட நாளிலிருந்து மாமாவுக்கு உலகமே அப்படித்தான் தெரிந்தது. சாயாக்கடைக்குப் போனால், "சேட்டா, மேல் லேயரை ஹைட் பண்ணித் தாங்கோ" என்பார். கடைக்காரர் கரண்டியால் நுரையை வழித்துப் போட்டுவிட்டு டம்ளரை நீட்டுவார்.

மாமாவின் மனைவி பார்வதி மாமியும் இந்த பாஷையில் தேறிவிட்டாள். மத்தியானம் எங்கள் வீடு வரைக்கும் அவள் குரல் கேட்கும். "சாப்பிட வரேளா, இல்லே அடுக்களையை லாக் பண்ணட்டுமா?"

தொழில் என்று பார்த்தால், மிளகு, ஏலக்காய் விற்கிற கடைகளுக்கு வலைப்பக்கம் செய்து கொடுப்பது. ஒரு மிளகுக் கடைக்காரருக்குச் செய்த பக்கத்தில் மேலேயிருந்து மிளகு மழையாகக் கொட்டும், செண்டை முழங்கும், கடையின் போன் நம்பர் வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் நம்பரை அழுத்தலாம் என்று விரலை வைத்தால் பூச்சி அடுத்த மூலைக்குப் போய்விடும். கடைக்காரர் ஓடி வந்தார்.

"சாமீ, நம்பர் நில்க்குந்நில்லல்லோ! ஆளுகள் எங்ஙனெ விளிக்கும்?"

நம்பர் நிற்கவே இல்லையே, கஸ்டமர் எப்படிக் கூப்பிடுவான் என்பது அவர் கவலை. மாமா கொஞ்சமும் அசையவில்லை. "மெனக்கெட்டு அதைப் பிடிக்கறான் பாருங்கோ, அவனாக்கும் உறப்பான, விட்டுப் போகாத கஸ்டமர்" என்றார். கடைக்காரர் இது திட்டா, பாராட்டா என்று புரியாமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மாமாவிடம் பேசப் போகிற எல்லோரும் அப்படித்தான் திரும்பி வருவார்கள்.

இதெல்லாம் சில்லறை. மாமாவின் பெரிய காரியம் அவர் போனில் நடத்தும் குழு. அந்த மென்பொருளைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறார் என்று சேலம், கோயம்புத்தூர், குவைத் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். புதுப் பதிப்பில் எந்தப் பட்டன் காணாமல் போயிற்று, காணாமல் போனதை எந்த மூலையில் தேட வேண்டும், யார் புதிதாக என்ன செய்தார் என்று செய்திகளும் வரும். தண்ணீர் எப்போது வரும், கோயிலில் என்ன விசேஷம் என்று தெரிந்துகொள்ள எங்கள் தெருவின் தமிழ்க் குடும்பங்களும் அதே குழுவில் இருந்தன. தனித்தனிக் குழு வைத்தால் என்ன என்று கேட்டேன். "ரெண்டு லேயர்டா. ஒண்ணு இல்லேன்னா மத்தது வெறும் வெள்ளை" என்று முடித்துவிட்டார்.

வினை அங்கேதான் முளைத்தது. மற்ற ஊர் வாத்தியார்கள் பாடம் நடத்தும்போது அர்த்தமில்லாத எழுத்தைச் சும்மா நிரப்பி வைத்து, அதை ஆட்டிக் காட்டுவார்கள். மாமாவுக்கு அது ஆகவே ஆகாது. "பொய் எழுத்தை ஆட வெச்சுப் படிச்சா கையும் பொய்யாயிடும்" என்பது அவர் கட்சி. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் தெருவில் அன்றைக்கு நடந்த உண்மையான விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வார். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறைவது எப்படி என்ற பாடத்துக்கு, 'நாளை குடிநீர் வராது' என்று போட்டார். 'நாளை' வந்தது, சாவகாசமாக 'குடிநீர்' வந்தது, 'வராது' வந்து சேர்வதற்குள் பாதித் தெரு நிம்மதியாகப் போனை மூடிவிட்டது. மறுநாள் காலையில் எல்லோரும் பல் தேய்க்கும் பிரஷோடு மாமா வாசலில் நின்றோம்.

எங்கள் தெரு இளசுகளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. மலையாளம் என்றால் கடகடவென்று படித்துவிடும். அதற்கும் மாமா வழி கண்டுபிடித்தார். எல்லாப் பாடத்துக்கும் பின்னணியில் தன் குரலிலேயே படித்து, கூடவே புல்லாங்குழலும் சேர்த்தார். ஒரு பெரியவர் காலமான செய்தியைக் கேட்டுவிட்டு, பையன்கள் அதை ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும். 'இதையே உங்கள் முறையில் செய்து அனுப்பவும்.' மாணவர்கள் செய்து அனுப்புவார்கள். ஒரே சாவு பல அலங்காரங்களோடு திரும்பி வரும். சேலத்து மாணவன் ஒருவனுக்கு எங்கள் மனிதர்கள் யாரென்றே தெரியாது. காலமானவரின் படம் மங்கலாக இருக்கிறதே என்று, குழுவில் பளிச்சென்று இருந்த வேறொரு படத்தை எடுத்துப் போட்டுவிட்டான். அது பக்கத்துச் சுள்ளிக்கல்லில் இருக்கும் கிருஷ்ணன் மாமாவின் பிறந்தநாள் படம். படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாங்கள் நாலு பேர் மாலையோடு போனோம். கதவைத் திறந்தது கிருஷ்ணன் மாமாவேதான்.

"எந்தா எல்லாரும்? நேத்திக்குன்னா பொறந்தநாள்!"

மாலையை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவர் கழுத்திலேயே போட்டுவிட்டு, பாயசம் குடித்துவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து தெருவுக்கு ஒரு வழக்கம் வந்தது. மாமாவிடமிருந்து எது வந்தாலும் உடனே ஒருவர் கேட்பார், "பாடமா நெஜமா?" மாமா தவறாமல் ஒரே பதில் போடுவார், "ரெண்டும் ஆக்கும்." இந்தப் பதிலால் யாருக்கும் எதுவும் தெளிந்ததில்லை. நாளாக ஆக, பாடம்தான் என்று எல்லோரும் தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

இப்படியிருக்கும்போது பார்வதி மாமிக்கு வயிற்றில் கட்டி என்று தெரியவந்தது. எர்ணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஆபரேஷன். மாமியின் ரத்தம் ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. ஆஸ்பத்திரியில் அது கைவசம் இல்லை, ஆள் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டும், தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேறு விதமாக ஒரு செய்தி அனுப்ப அந்த மனிதருக்குத் தெரியாது. ஒரு சிவப்பு இதயம், அது துடிக்கிறது, கீழே மாமியின் பெயர், ரத்த வகை, ஆஸ்பத்திரி, போன் நம்பர். பழக்க தோஷத்தில் அடியில் அந்த வரியும் இருந்தது. 'இதையே உங்கள் முறையில் செய்து அனுப்பவும்.'

குழுவில் பதில்கள் மளமளவென்று விழுந்தன. 'சிவப்பு அருமை மாமா.' 'துடிப்பு கொஞ்சம் வேகமோ?' 'நிழல் எப்படிக் கொடுத்தீர்கள்?' ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பின்னாலேயே இன்னும் பத்து கட்டைவிரல்கள் வந்தன.

வைட்டிலாவில் என் ஆபீஸில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் குழப்பம்தான். மாமிக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும், இவ்வளவு தூரம் போனது தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று போன் செய்தேன்.

"மாமா, இது பாடமா நெஜமா?"

வழக்கமான பதில் வரவில்லை.

"நெஜம்டா" என்றார். "நெஜம் மட்டும்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே குழுவில் எழுதினேன், 'ஐயா, இது நிஜம், பாடம் இல்லை!' உடனே குவைத்திலிருந்து பதில் வந்தது. 'இந்த வரியையும் பயிற்சியில் சேர்க்க வேண்டுமா?' போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

போய்ப் பார்த்தால் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிரம்மஹத்தி பிடித்தவர் போல முகம். எனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்தேன். ஒருவருக்கு பி பாசிட்டிவ், ஒருவருக்கு சர்க்கரை, ஒருவர் வெளியூர். பொழுது போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு. காவலாளி கையைப் பிசைந்துகொண்டு உள்ளே ஓடி வந்தார்.

"சாரே, இவிடெ எத்ர பார்வதிமாரா?"

எத்தனை பார்வதி என்றால் என்ன சொல்வது! வெளியே போய்ப் பார்த்தோம். ஆட்டோ டிரைவர், பேக்கரிக்காரர், காலேஜ் பிள்ளைகள் என்று ஒரு சிறு கூட்டமே நின்றது. ஒவ்வொருவர் போனிலும் ஒவ்வொரு படம். ஒன்றில் மாமி பெயர் பார்வதி, இன்னொன்றில் இடம் போதவில்லை என்று பாரு. ஒன்றில் ஆஸ்பத்திரியின் பெயர் சுற்றிக்கொண்டே இருந்ததால், அதை அனுசரித்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தபடி ஒருவர் வந்திருந்தார்.

நடந்தது இதுதான். மாணவர்கள் அடியில் இருந்த வரியில் சொன்னபடியே வீட்டுப்பாடம் செய்துவிட்டார்கள். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்கத் தங்கள் சிநேகிதர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சிநேகிதர்களுக்கு மாமாவையும் தெரியாது, பாடத்தையும் தெரியாது. யாரோ ஒரு பெண்மணி உயிருக்குப் போராடுகிறாள் என்று நம்பிக் கொச்சியில் இருப்பவர்களுக்குத் தள்ளிவிட்டார்கள். மாமாவை அறிந்த நாங்கள் யாரும் நம்பவில்லை. அறியாதவர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ரத்த வகையே பொருந்தவில்லை. ஓ நெகட்டிவ் என்று இரண்டு பேர் தேறினார்கள். அதில் முதலில் உள்ளே போனவர் எர்ணாகுளம் பிராட்வேயில் தையல் நூல் கடை வைத்திருக்கும் பாய். மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அண்ணே, கடைய பாதில போட்டுட்டு வந்தேன். இந்த ஹார்ட்டு துடிச்சிட்டே இருந்துச்சு, பாத்துட்டிருக்கும்போதே நின்னுபோச்சு. அல்லாவே, லேட்டாயிருச்சோன்னு ஓடியாந்துட்டேன். அம்மா இருக்காங்கல்ல?"

மாமா அவர் போனை வாங்கிப் பார்த்தார். சேலத்துப் பையன் செய்தது. துடிப்பு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், அதற்கு லூப் என்று பெயர். பயல் அதை மறந்துவிட்டான். இதயம் ஏழெட்டுத் தடவை துடித்துவிட்டு அப்படியே நின்றிருந்தது. இந்தத் தப்பைச் செய்தவர்களை மாமா குழுவில் கிழித்துத் தோரணம் கட்டுவார். அன்றைக்கு பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "இருக்கா, இருக்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு சேலத்துக்குப் போன் போட்டார்.

"லூப் போட மறந்துட்டாய்டா."

"மன்னிச்சிருங்க சார். இதோ மாத்தி அனுப்பறேன்."

"வேண்டாம். தொடாதே. நூத்துக்கு நூறு."

அவன் இன்னும் அந்த நூறு மார்க்கின் காரணம் புரியாமல்தான் இருக்கிறான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமிக்கு நினைவு திரும்பியதும் மாமா குனிந்து விளக்க ஆரம்பித்தார். "கேட்டயா பாரு, உன் ரத்தம் அடி லேயர், அதுக்கு மேலே நூல்கடை பாய் ஒரு லேயர்..." மாமி கண்ணைத் திறக்காமலே, "கொஞ்ச நேரம் வாயை மூடிண்டு இருக்கேளா" என்றாள். மாமா அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சிறு குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

மாமா திருந்தினாரா என்றால் கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் மரம் விழுந்து வழி அடைபட்டிருக்கிறது என்று ஒரு படம் வந்தது. மரம் விழுகிறது, எழுந்திருக்கிறது, மறுபடி விழுகிறது. வழக்கம்போலத் தெரு முழுக்கக் கேள்வி. நான் மட்டும் இப்போதெல்லாம் கேட்பதில்லை. அவரிடமிருந்து எது வந்தாலும் முதலில் சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறேன். பாடமாக இருந்தால் மாமி கையால் ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம். நெஜமாக இருந்தால், அந்த மனுஷர் தனியாக நிற்கக் கூடாது.